சாம்பல் எழுத்து

நல்லூர், திருப்பூர்
19.01.2025, ஞாயிறு

அன்புத் தம்பி சசிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் மதியும் சௌக்கியம். பொங்கலுக்கு நீ வராததால் உன் பங்குக் கரும்பையும் மாமாவே கடித்து முடித்துவிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புனேயில் குளிர் எப்படி? குழம்பில் சர்க்கரை போடுகிறார்கள் என்றாயே, வயிறு ஒத்துக்கொண்டதா?

“தெனமும் போன்ல பேசறீங்க, அப்பறம் எதுக்கும்மா லெட்டரு?” என்று மதி சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? அமராவதி நகர் விடுதியில் நீ படித்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடிதம் எழுதியாக வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. போனை ஸ்பீக்கரில் போட்டால் வீடே பேசுகிறது. கடிதம் என்றால் நீயும் நானும் மட்டும்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். எங்கள் பனியன் கம்பெனித் துணி ஸ்டோரின் கம்ப்யூட்டர் திரையில் ‘நேவி ப்ளூ’ என்று ஏன் ஐந்து தடவை வருகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே, ஒன்று போதாதா என்று. அட மக்கு! நிறம் ஒன்றுதான், ஆனால் சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதற்குத்தான் தடவைக்கு ஒரு லாட் நம்பர். ஒரு சட்டைக்கு உடம்பும் கையும் ஒரே லாட் துணியில் வெட்ட வேண்டும். மாறினால் சட்டை ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகிவிடும். பாப்பாவுக்குப் போடுகிற சட்டை என்றாலும் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். உங்கள் கம்பெனி சாஃப்ட்வேரை எங்கள் முதலாளி கவினிடம் சிபாரிசு செய்தவளே நான்தான். அதைப் போட்டவனுக்கு லாட் தெரியவில்லை என்றால் எனக்கல்லவா வெட்கம்?

மதி பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் துணி டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள். நீதான் ஏற்றிவிட்டாய். மாமா சரி என்கிறார், நானும் சரி என்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.
பூங்குழலி


புனே
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவின் தாடை இறங்கியதா? இங்கே குளிர் போய்விட்டது, சர்க்கரைக் குழம்பு போகவில்லை.

லாட் பாடம் புரிந்தது டீச்சர். ஆனால் என் பக்கத்தையும் கேள். உங்கள் திரையைப் பார்த்தால் எனக்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருக்கும். சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, நாலு பக்கமும் கோடு, மேலே ஒரு மணிப் படம், கீழே ஒரு மணிப் படம். ஒரு மனுஷி காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மண்டை என்ன ஆகும்? நான் வரைகிற திரையில் வேலைக்கு வேண்டியது மட்டும் இருக்கும். வெள்ளை, அதில் மெல்லிய எழுத்து, சுற்றிலும் காலி இடம். மற்றது தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டும்.

மேலிடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், அக்கா! ஆனால் ஒரே நாளில் மாற்றினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் சில கம்பெனிகளில் மட்டும் திங்கட்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறோம், சொல்லாமல். போன வாரத் திரையும் இந்த வாரத் திரையும் ஒன்றென்றே அவர்கள் நினைக்க வேண்டும். யாருமே கண்டுபிடிக்காமல் கடைசிவரை கொண்டுபோய்விட்டால் இந்தக் குழுவுக்கு நான்தான் தலைவன் என்று பேச்சு. இது வெளியே சொல்லக்கூடாத விஷயம், உன்னோடு வைத்துக்கொள்.

மதியை நன்றாக வரையச் சொல். மாமாவுக்கு என் வணக்கம்.
சசிகுமார்


நல்லூர்
09.03.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். வெயில் இப்போதே தலையில் ஏறிவிட்டது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, நான்தான் எழுதவில்லை. தப்பாக நினைக்காதே.

ஒன்று கேட்க வேண்டும், நிஜத்தைச் சொல். அந்தக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிற வேலையில் எங்கள் சிஸ்டமும் இருக்கிறதா? லாட் நம்பரைச் சுற்றி இருந்த சிவப்புப் பெட்டி எனக்கு வெளிறித் தெரிகிறது. மானிட்டரை ஈரத்துணி போட்டுத் துடைத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். ஜன்னலைச் சாத்திவிட்டும் பார்த்தேன். ஸ்டோரில் இருப்பது ஒரே சிஸ்டம், வேறொன்றோடு வைத்துப் பார்க்கவும் வழியில்லை.

கட்டிங் சூப்பர்வைசர் ஜெபக்குமாரைக் கூப்பிட்டு, “இந்த எழுத்து உனக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டேன். “நல்லாத் தெரியுதுங்கக்கா, ஏனுங்க?” என்றான். அவனுக்கு என்ன, இளவட்டம்.

நீங்கள் மாற்றியிருந்தால் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்டதன் காரணத்தைக் கேட்காதே.

மதி பரீட்சைக்குப் படிக்கிறாள். மாமா அவளுக்கு வேளா வேளைக்குப் பால் காய்ச்சுகிறார். பதிலைச் சீக்கிரம் போடு.
பூங்குழலி


புனே
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கெல்லாம் பழைய சந்தைக்கடைத் திரைதான், கவலைப்படாதே. மானிட்டர் பழசாகியிருக்கும், கவினிடம் சொல்லி மாற்றச் சொல்.

இங்கே மாம்பழம் வந்துவிட்டது. ஒன்றின் விலையைக் கேட்டால் மாமா மயங்கி விழுவார். மதி பரீட்சை எப்படி எழுதினாள்? சென்னைக் கல்லூரிக்கான தேர்வு எப்போது? அவள் போனில் அனுப்பிய படங்களை என் ஆபீஸில் காட்டினேன், நாலு பேர் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் பெண் எங்கேயோ போகப் போகிறாள் பார்.

வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
சசிகுமார்


நல்லூர்
13.04.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. புது மானிட்டர் கேட்கவில்லை, கேட்டுப் பயனில்லை.

மதி சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது முழுப் பரீட்சை லீவுக்கு வந்தாயே, அப்போது அம்மாவுக்குக் கண் போய் மாசக்கணக்காகிவிட்டது. உனக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். கடிதங்களில் நானும் ‘அம்மா நலம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நீ வந்து எத்தனை நாளில் கண்டுபிடித்தாய்? எதை வைத்து? ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே அதை எவ்வளவு நாள் மறைக்க முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கேட்டேன்.

சித்திரைக்கனிக்கு உன் பங்குக்கும் சேர்த்துப் பழம் வாங்கி வைத்திருக்கிறோம்.
பூங்குழலி


நல்லூர்
25.05.2025

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதிலில்லை. போனில் கேட்டால் ‘பிஸி’ என்கிறாய். சரி. இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம்.

கம்பெனியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. குழந்தைகளின் முழுக்கைச் சட்டை, நேவி ப்ளூ. சட்டை உடம்புக்கு ஒரு லாட், கைக்கு வேறு லாட் துணியைக் கொடுத்துவிட்டேன். நானேதான் கொடுத்தேன். “ரெண்டும் ஒரே லாட்டுங்களாக்கா?” என்று ஜெபக்குமார் வழக்கம்போலக் கேட்டான். ஆமாம் என்றேன். தைத்து, அயர்ன் பண்ணி, பேக்கிங் மேசைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அத்தனையும் ஏற்றுமதியாகாமல் நின்றுபோனது.

கவின் சத்தம் போடவில்லை. சின்ன வயதிலேயே கம்பெனியை ஏற்று நடத்துகிற பையன், என்னை அக்கா என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, “கண்ணை எங்கீங்கக்கா வெச்சிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

இன்னொன்று. மதிக்குச் சென்னையில் சீட் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் எதற்கு? இங்கேயே பஸ்ஸில் போய் வருகிற மாதிரி ஒரு காலேஜ் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது. அவள் என்னோடு பேசுவதில்லை. நீயும் அவளுக்குப் பரிந்துகொண்டு வராதே.
பூங்குழலி


புனே
01.06.2025

அக்கா,

நலமா என்று கேட்கவே கோபமாக வருகிறது, இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

மதியை எதற்காக நிறுத்துகிறாய்? நீதானே சரி என்றாய்! அம்மாவுக்குக் கண் போனதும் நீ காலேஜை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். உன்னைப் போல அவளும் ஆக வேண்டுமா? ‘பெண் பிள்ளை பக்கத்தில்’ என்று நீ எழுதியதைப் படித்தபோது வேறு யாரோ எழுதிய கடிதம் என்று நினைத்தேன். மாமா எப்படி ஒத்துக்கொண்டார்?

உன் கையெழுத்து வேறு மாறியிருக்கிறது. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் இருக்கிறது. பழைய கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். என்ன ஆயிற்று?

லாட் மாறியதற்கு வருத்தப்படாதே, யாருக்கும் நடக்கும். துணியைக் கொடுத்தபோது திரையில் லாட் நம்பர் தெரிந்ததா, இல்லையா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

எனக்குத் தலைவர் பதவி கொடுத்துவிட்டார்கள். போனில் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. அம்மாவைப் பற்றி நீ கேட்டது: முதல் நாளே கண்டுபிடித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றேன். நான் வாயைத் திறக்கும்வரை அவள் முகம் என் பக்கம் திரும்பவில்லை.
சசிகுமார்


நல்லூர்
08.06.2025

தம்பி,

முதல் நாளேவா? அப்படியானால் எனக்கும் ரொம்ப நாள் இல்லை.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கும் மதிக்கும் தெரியாது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

அம்மாவுக்கு ஆரம்பம் எப்படி என்று உனக்குத் தெரியாது, நீ விடுதியில் இருந்தாய். முதலில் சாம்பல் நிறத்தையும் வெள்ளையையும் பிரிக்க முடியாமல் போனது. செக்கிங் மேசையில் வெள்ளை பனியனில் இருந்த கறை அவளுக்குத் தெரியவில்லை. இப்போது என் கதையைக் கேள். மாசி மாசத்தில் லாட் நம்பரின் சிவப்புப் பெட்டி வெளிறியது. பங்குனியில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சித்திரையில் எழுத்து மெலிந்து சாம்பலாகிவிட்டது. வைகாசி பிறந்தபோது லாட் நம்பரே எனக்குத் தெரியவில்லை, ‘நேவி ப்ளூ’ என்று ஒரே வரிதான் தெரிந்தது. இப்போது வீட்டில் அரிசியில் கல் பார்க்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் மங்குகிறது. உன் கடிதத்தைத் தூரப் பிடித்தால்தான் தெரிகிறது.

அன்று துணியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு ரோலையும் வெயிலில் விரித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாகச் செய்வதுதானே? ஒன்று கொஞ்சம் பச்சையடித்தது போல இருந்தது. இரண்டும் வேறு என்று என் கண் சொன்னது. ஆனால் திரையில் ஒரே வரி. போகிற கண், அது சொல்வதை நம்பக்கூடாது, சிஸ்டம் சொல்வதுதான் சரி என்று கொடுத்துவிட்டேன்.

டாக்டரிடம் போ என்று எழுதாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ‘கண் நரம்பு வத்திப்போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்பதைத் திரும்பக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பதில் பழகிக்கொண்டிருக்கிறேன். யாரும் இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிவரை நடக்கிறேன். முதலில் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன், பீரோவில் நெற்றி பட்டது. டப்பாக்களை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். மிளகு இடது ஓரம், சீரகம் அதற்கடுத்து, கை போனால் கிடைக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சசி. மதியை ஏன் நிறுத்தினேன் என்று இப்போது புரிகிறதா? மாமா வேலைக்குப் போய்விட்டால் என் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு இந்த மாதிரி ஒரு புத்தி வரும் என்று நானே நினைக்கவில்லை.
பூங்குழலி


புனே
14.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

தயவுசெய்து ஒரு தடவை டாக்டரிடம் போய்விடு. எல்லாம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிஸ்டத்திலும் ஏதாவது இருக்கலாம். இருக்காது என்று சொல்ல முடியாது. சிலது வயதானால் எல்லோருக்கும் வருவது. அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதே. மதி விஷயத்தையும் இப்போதைக்கு முடிவு செய்யாதே.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. இங்கே சில பேரிடம் பேச வேண்டும், பேசிவிட்டு எழுதுகிறேன். போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை மாமா எடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினோம். இன்னொரு தடவை நீயே எடுத்தாய், மாம்பழத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. நீ நன்றாக இருப்பாய்.
சசிகுமார்


நல்லூர்
18.06.2025

தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது. கண்ணாடி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி மதியைத்தான் வாசிக்கச் சொன்னேன். எனக்கு ஏது கண்ணாடி? அவளும் கேட்கவில்லை. நல்லவேளை, நீ பூசி மெழுகி எழுதியிருந்தாய். இனிமேலும் அவள்தான் வாசிப்பாள், அதனால் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. ‘டாக்டர்’ என்று வந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மாமாவின் பல்லுக்கு என்று சமாளித்தேன்.

கவினிடம் இந்த மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். “ஏனுங்கக்கா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?” என்று பதறிப்போனான். இல்லீங்க தம்பி, முடியலீங்க என்றேன்.

சென்னையில் சேரக் கடைசி நாள் முப்பதாம் தேதி. அது தானாகப் போய்விடும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு காலை முழுக்க ஆயிற்று. இனி நீ எழுதினாலும் நான் எழுதுவேனா தெரியாது.
பூங்குழலி


புனே
22.06.2025, ஞாயிறு

மதிக்கண்ணு,

சசி மாமா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் அம்மாவை உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டு. அம்மா நிறுத்து என்றாலும் நிறுத்தாதே. கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்க்கட்டும்.

அக்கா, திரை உன் கண்ணில் மங்கவில்லை. நான்தான் மங்க வைத்தேன்.

உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்தது. முதல் பெயரே அதுதான், எழுதிக் கொடுத்தவன் நான். பிப்ரவரியில் பெட்டியின் சிவப்பை எடுத்தேன். மார்ச்சில் கோடுகளை எடுத்தேன். ஏப்ரலில் எழுத்தை மெலிதாக்கிச் சாம்பலாக்கினேன். மே மாதத்தில் ஒரே பெயருள்ள நிறங்களை ஒரே வரியாக்கி, மவுஸை மேலே கொண்டுபோனால்தான் லாட் நம்பர் வரும் என்று வைத்தேன். நீ சொல்லிக்கொடுத்த லாட் பாடம் தெரிந்துதான் வைத்தேன். சுத்தமாக இருக்கட்டும், வேண்டியவர்கள் தேடிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். உன் கடிதத்தில் நீ மாசம் மாசமாக எழுதியது உன் நோயில்லை, அக்கா. அது என் வேலை. வரிசைகூட மாறவில்லை.

ஏன் உன் கம்பெனி என்றால், உன் கண்ணைவிடக் கூரான கண் எனக்குத் தெரியாது. உனக்கே தெரியாமல் மாற்றிவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். நீ முதல் மாதமே கண்டுபிடித்துக் கேட்டாய். ஆமாம் என்றால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் ஆபீஸில் எழுத வேண்டும், என் வேலை அதோடு நின்றிருக்கும். அதனால் இல்லை என்று எழுதினேன். எழுதியபோது அது எனக்குச் சின்னப் பொய்யாகத் தெரிந்தது.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே சொல்லியிருக்க வேண்டும். பதவி போய்விடுமே என்று ஒரு பக்கம், நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று ஒரு பக்கம், பயத்தில் அந்த மழுப்பல் கடிதத்தை எழுதினேன். இப்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கவினுக்கு மெயில் போட்டேன், தப்பு என்னுடையது, அக்காவுடையது இல்லை என்று. என்னை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளை திங்கட்கிழமை, உங்கள் பழைய திரை திரும்பி வருகிறது. அது நான் கடைசியாகச் செய்த காரியம்.

அரிசியும் ஊசியும் மங்குவது வயதானால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்தாக இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. நீ போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பார்த்துவிட்டு முடிவு செய், பார்க்காமல் செய்யாதே.

மதி, நீ முப்பதாம் தேதிக்குள் சென்னையில் இருக்க வேண்டும். அம்மா என்ன சொன்னாலும் சரி. இது வரைக்கும் வாசித்துவிட்டாயா?
சசிகுமார்


நல்லூர்
13.07.2025, ஞாயிறு

சசிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் சௌக்கியம். மதி சென்னையில் சௌக்கியம். விடுதிச் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாம், மாமன் ராசி மருமகளுக்கு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை சிஸ்டத்தைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி, கோடு, லாட் நம்பர், எல்லாம் பளிச்சென்று இருந்தன. கண் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்! யாரிடமும் சொல்லாமல் அன்று சாயங்காலமே பஸ் ஏறித் திருமுருகன்பூண்டிக் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். கவின் அந்த வாரம் வெளியூரில் இருந்தான், உன் மெயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வியாழக்கிழமை உன் கடிதம் வருகிறவரைக்கும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நன்றியெல்லாம் உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வைத்துக்கொள்.

மதி வாசித்தாள். ‘நான்தான் மங்க வைத்தேன்’ என்ற வரியை இரண்டு தடவை வாசித்தாள். நிறுத்தவில்லை, கடைசிவரை வாசித்தாள். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “இதுக்காம்மா என்னைய நிறுத்துன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போகாம இருந்திருப்பனே” என்றாள். அப்படிச் சொல்வாள் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அம்மா என்னிடம் மறைத்திருந்தால் நானும் காலேஜை முடித்திருப்பேன். இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மாமா என்னை வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கண்ணில் சொட்டு விட்டு, வெளிச்சம் அடித்து, நரம்பையெல்லாம் பார்த்தார்கள். நல்லா இருக்கிறது, வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு இருந்ததால் வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். நான் சிரிக்க வேண்டுமா இல்லையா? கோபத்தில் அழுதேன். அன்று வெயிலில் என் கண் இரண்டு ரோலும் வேறு என்று சொன்னதே, அதை நானே நம்பாமல் போனேனே என்று அழுதேன். மாமா பாவம், பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

கவின் என்னைப் போக விடவில்லை. “நீங்க போனா அந்த ஸ்டோர யாருங்கக்கா பாக்கறது?” என்றான். அந்தச் சட்டைகள் தள்ளுபடிக் கடைக்குப் போயின. உன்னைப் பற்றி அவன் சொன்னதை எழுத மாட்டேன்.

உன் பதவி போனதற்கு எனக்கு வருத்தம்தான். போனது சரி என்றும் தோன்றுகிறது. இரண்டும் நிஜம். நீ சுத்தமாக ஒரு திரை செய்ய ஆசைப்பட்டது தப்பில்லை. கேட்டபோது இல்லை என்றாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. உன்னை நம்பி என் கண்ணைக் கைவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி மதியை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். மாமா வண்டியை நிறுத்தப் போனார். நான் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து காபிக்குப் பால் வைத்தேன், இரவுக்கு ரசத்துக்குச் சீரகம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், வாசலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கிறேன். பழக்கம். கட்டில் காலில் இடிக்கவில்லை, பீரோவில் படவில்லை. சீரகம் சரியாகக் கையில் வந்தது. இதை எனக்கு இவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டாய், சசி.

பதில் எழுதாதே. தீபாவளிக்கு நேரில் வா. சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபம் ஆறாத உன் அக்கா,
பூங்குழலி